மாநாட்டுக்கு ஏற்ற ஊர்

பிள்ளைக்காம்பரா ஆயாமாருக்கென்று ஒரு சங்கம் இருந்தது என்றால் இன்றைக்குப் பலர் நம்பமாட்டார்கள். இருந்தது. தாய்மார் கொழுந்துக்கும் ரப்பர் பால்வெட்டுக்கும் போனபிறகு அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பொழுது சாயும்வரை பார்த்துக்கொள்ளும் பெண்கள், தோட்டத்துக்கு ஒருத்தி இரண்டு பேர் என்று சிதறிக் கிடந்தவர்கள், வருஷத்தில் இரண்டு நாள் கூடிப் பேச ஒரு மாநாடு வைத்துக்கொண்டார்கள். மாநாடு என்றால் ஹட்டன்தான். எட்டு வருஷமாக ஹட்டன். நடுவில் ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டுக் கொழும்பில் வைத்தார்கள். தங்கின இடத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் பாதிப் பேர் பஸ் மாறி ஏறி, முதல் நாள் கூட்டத்துக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். அதோடு கொழும்பு ஆசை ஒழிந்தது.

2002 ஐப்பசியில் சங்கத்திலிருந்து ஒரு சுற்றுக்கடிதம் வந்தது. தையில் வரும் அடுத்த மாநாட்டை வேறு ஊரில் வைக்க யோசிக்கிறோம். கொழும்பைப் போலப் பெரிதாகவும் வேண்டாம், ஒற்றைக் கடைத்தெருவோடு முடிந்துபோகிற இடமும் வேண்டாம். முந்நூறு பேர் தங்கி, கால்நடையாகவே போய் வரக்கூடிய ஒரு நடுத்தரப் பட்டணம் போதும். விரும்புகிற மாவட்டத்தார் எழுதுங்கள், இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள். கீழே கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது. சண்டை நின்றிருப்பதால் இந்த வருஷம் முதல் வவுனியாப் பக்கத்து முன்பள்ளிப் பெண்களும் மாநாட்டில் சேருவார்கள்.

நிவித்திகலவுக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தொட்டில் கயிற்றை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே கிருஷ்ணகுமாரி அந்தக் கடைசி வரியை மூன்று தரம் வாசித்தாள். அவளுடைய அக்கா வெள்ளையம்மா வவுனியாவில் ஒரு குடியேற்றத்தில் முன்பள்ளி நடத்துகிறவள். எழுபத்தேழு ஆவணியில் தமிழர்களை அடித்த கலவரத்தில் லொறி ஏறிப் போனவள், இருபத்தைந்து வருஷமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எண்பத்தொன்பதில் அம்மா செத்தபோதும் வரவில்லை. அன்றைக்கு ரோட்டு கெட்டுக் கிடந்தது, வரமுடியாது. பிறகு ரோட்டு திறந்தபோதும் வரவில்லை. தொண்ணூற்றைந்தில் குமாரிதான் பாஸ் எடுத்து, பத்து இடத்தில் சோதனைக்கு இறங்கி ஏறி, போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாள். அந்த மூன்று நாளில் அக்கா கோழி அடித்தாள், சேலை எடுத்துக் கொடுத்தாள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாள். அம்மாவை எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. குமாரியும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லப்போனால் அழுகையில் போய் முடியும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அன்றைக்கே குமாரி இரண்டு கடிதம் எழுதினாள். சங்கத்துக்கு ஒன்று: எங்கள் இரத்தினபுரிக்கு வாருங்கள். அக்காவுக்கு ஒன்று: மாநாடு இங்கே வந்தால் வருவாயா. அக்காவின் பதில் பன்னிரண்டு நாளில் வந்தது. அவளுடைய கடிதங்கள் எப்போதும் பேச்சு மாதிரியே இருக்கும்.

"தனியா மட்டும் வரச் சொல்லாத குமாரி. அந்த பஸ் ஸ்டேண்டுல நான் ஒத்தையா எறங்க மாட்டேன். முந்நூறு பேரோடன்னா வர்றேன். கூட்டத்தோட கூட்டமா எறங்கிடுவேன், எனக்கே தெரியாது."

இந்த நாலு வரியைக் குமாரி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொள்ளாத குறை. புருஷன் காத்தமுத்து பால்வெட்டு முடிந்து வந்து, "என்னடி, சிரிச்சிக்கிட்டே சோறு போடுற" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அக்கா வரவேண்டும். வந்து, அம்மா கிடக்கிற இடத்தில் ஒரு விளக்கு வைக்கவேண்டும். குமாரிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமை அவள் இரத்தினபுரிக்கு அலைந்தாள். ஒரு பட்டணத்தை மாநாட்டுக்குத் தயார்செய்வதென்றால் எங்கே தொடங்குவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குழந்தைகளை வைத்துப் பழகினவள் அல்லவா, அந்தக் கணக்கிலேயே தொடங்கினாள்: எங்கே படுப்பது, எங்கே தின்பது, எங்கே வெளிக்குப் போவது. பாவாத மலைக்கு, அதாவது சிவனொளிபாதத்துக்கு, போகிறவர்கள் தங்குகிற மடத்தில் நூற்றைம்பது பேர் படுக்கலாம். கோயில் மண்டபத்தில் நூறு பேர். மிச்சம் பேருக்குப் பள்ளிக்கூடம் ஒன்று கிடைத்தது. கூட்டத்துக்கு இரத்தினக்கல் வியாபாரி புவாட் ஹாஜியாரின் கலியாண மண்டபம். அவர் கண்ணில் மாட்டியிருந்த கல் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

"எத்தின பேரு வாராங்க?"

"முந்நூறு, ஹாஜியார்."

"ஆம்புளயலா, பொம்புளயலா?"

"எல்லாம் பொம்பளைங்கதான்."

அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். "முந்நூறு பொம்புளயலுக்கு ஒம்பது கக்கூசு காணாதே மகள். கதிர ஈக்கி, பங்கா ஈக்கி, கக்கூசு காணாது. தகரம் அடிச்சி இன்னம் நாலு போட்டுத் தாறன், போங்க." அந்த மனுஷனின் வாயில் சர்க்கரை போடவேண்டும் போலிருந்தது குமாரிக்கு.

மண்டபத்திலிருந்து மடத்துக்கு ஆறு நிமிஷம், மடத்திலிருந்து கோயிலுக்கு நாலு, கோயிலிலிருந்து பஸ் ஸ்டேண்டுக்கு ஐந்து. எல்லாவற்றையும் தன் காலாலேயே அளந்து வைத்துக்கொண்டாள். களுகங்கை தையிலே தூங்குகிற ஆறு, வெள்ளப் பயமில்லை. ஹட்டனிலிருந்து கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று இறங்கி வந்தால் ஒரே பகல். பதுளைக்காரர்களுக்குப் பலாங்கொடை வழியாக நேர் பஸ். இரத்தினபுரி இதற்கென்றே கட்டின ஊர் மாதிரி அவளுக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருத்தி டிக்கோயா விஜயகலா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஆயாவாக இருந்து சங்கத் தலைவியானவள். மற்றவள் பசறை தங்கம்மா. சின்ன உருவம், கையில் ஒரு கொப்பி, காலில் அட்டை ஏறாமலிருக்கச் சாக்ஸ்.

விஜயகலா குமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தக் குரலுக்குத் தாழ்த்தத் தெரிந்த அளவுக்குத் தாழ்த்தி, கேட்டாள்.

"எப்ப தங்கச்சி? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

"எதுங்கக்கா?"

"வீட்டுக்காரரு."

குமாரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, அவரு இருக்காருக்கா. மரத்துல பால் வெட்டிக்கிட்டு இருக்காரு." பையைத் திறந்து மேல்மூடியைத் திருப்பினாள். உள்பக்கத்தில் ஒட்டுப்பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன, சிவப்பும் கறுப்புமாக ஏழோ எட்டோ. நிவித்திகல தாண்டினதும் பொட்டை எடுத்துப் பைமூடியில் ஒட்டிவிடுவாள். திரும்பும்போது மறுபடி எடுத்து வைத்துக்கொள்வாள். சில நாள் மறந்துபோய்ப் புதிது வைப்பாள், பழையது அங்கேயே தங்கிவிடும். எத்தனை வருஷமாக என்று கேட்டால் அவளால் சொல்லமுடியாது. விஜயகலா சிரித்தாள். குமாரியும் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்தாள். தங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் விஜயகலா மேடையில் ஏறி, மைக் இல்லாமலே இரண்டு வார்த்தை பேசி, கடைசி வரிசையில் நின்ற ஹாஜியாரிடம் கேட்கிறதா என்றாள். "எனக்கென்ன, எஹலியகொட வரைக்கும் கேக்கும்" என்றார் அவர். தங்கம்மா புதுத் தகரக் கக்கூசுகள் நாலையும் திறந்து பார்த்து, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்து, கொப்பியில் சரி போட்டாள். மடம் சரி. கோயில் மண்டபம் சரி. தண்ணீர் சரி. குமாரிக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அக்கா எந்தப் பாயில் படுப்பாள் என்றுகூட மடத்தில் வைத்தே தீர்மானித்துவிட்டாள். ஜன்னல் ஓரம், அவளுக்குக் காற்று வேண்டும்.

மடத்திலிருந்து கடைத்தெரு வழியாக நடந்து வந்தார்கள். விஜயகலா தன் காம்பராவில் மூன்று வயசுப் பயல் ஒருவன் தொரை மாதிரி இடுப்பில் கைவைத்து நடக்கிற கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நடந்தும் காட்டினாள், நடு ரோட்டில். குமாரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விஜயகலாவின் மணிக்கட்டைப் பிடித்து லேசாக அமுக்கினாள். "யமு, யமு" என்று சிங்களத்தில் நடையை எட்டிப்போடச் சொன்னாள். இதெல்லாம் அவள் யோசித்துச் செய்ததில்லை. பஸ் வளைவில் திரும்பும்போது கம்பியைப் பிடிக்க யாரும் யோசிப்பதில்லையே.

தேத்தண்ணிக் கடையிலும் அப்படித்தான். "மல்லி, தே துனக்" என்று கடைப்பையனிடம் சிங்களத்தில் மூன்று தேத்தண்ணிக்குக் குமாரிதான் சொன்னாள். விஜயகலா, "எனக்குச் சீனி வேணாம் முதலாளி, வியாதி" என்று காசுப்பட்டறைவரை கேட்கச் சொன்னதும் குமாரியின் கை மேசைக்கடியில் நீண்டு அவள் மணிக்கட்டை அமுக்கியது. அமுக்கின கையோடு அதைச் சிங்களத்தில் மாற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதலாளி பட்டறையிலிருந்து, "சீனி வேணாம், சரி நோனா" என்று தமிழிலேயே சொல்லி, வெல்லத்துண்டு ஒன்றும் தனியாகக் கொடுத்தனுப்பினார். அவர் அந்தக் கடையில் முப்பது வருஷமாகத் தமிழ் ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறவர். குமாரி அவரிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசினது கிடையாது.

பஸ் ஸ்டேண்டில் அவிசாவளை பஸ் நின்றிருந்தது. தங்கம்மா ஏறி இடம் பிடித்து ஜன்னலைத் திறந்தாள். விஜயகலா ஏறவில்லை.

"குமாரி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"கொப்பியில எல்லாத்துக்கும் சரி போட்டாச்சி. இப்பிடி ஒரு தோதான ஊரு நான் பாக்கல. மண்டபமும் அப்பிடி, மடமும் அப்பிடி, அந்த ஹாஜியாரும் அப்பிடி. ஆனா காலையிலேர்ந்து நீங்க எத்தன தடவ என் கைய அமுக்குனீங்கன்னு தெரியுமா?"

குமாரிக்குப் புரியவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து தங்கம்மா சொன்னாள், "பதினோரு தடவ." அன்றைக்கு அவள் கக்கூசைப் பற்றியல்லாமல் பேசின முதல் வார்த்தை அதுதான்.

"முந்நூறு பேரு வருவாளுக" என்றாள் விஜயகலா. "வருஷத்துல ரெண்டு நாளு வீட்ட விட்டு வர்றவளுக. சிரிப்பாளுக, ரோட்டுல நின்னு பேரு சொல்லிக் கூப்புடுவாளுக, ராவெல்லாம் பாடுவாளுக. எத்தன கைய அமுக்குவீங்க நீங்க?"

"இங்க பயமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. சனங்க நல்ல சனங்க. கடைக்காரரப் பாத்தீங்கதானே. இது சும்மா பழக்கம்."

"அதத்தான் சொல்றேன் தங்கச்சி. பயம்னு நீங்க சொன்னா நாங்க முந்நூறு பேரும் கூட நிப்போம். செய்யறது ஒங்களுக்கே தெரியலியே, அதுக்கு நாங்க என்ன செய்ய?" அவள் குரல் முதன்முறையாக உண்மையிலேயே தாழ்ந்திருந்தது. குமாரியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

பஸ் போனபிறகும் குமாரி அங்கேயே நின்றாள். தன் வலது கையைப் பார்த்தாள். அந்த அமுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். எழுபத்தேழில் மூன்று பகல் இரண்டு இரவு, ரப்பர் காட்டுக்குள் அம்மா நடுவிலும் பிள்ளைகள் இரண்டு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே ரோட்டில் ஆள் சத்தம் கேட்டால் அம்மா இரண்டு மணிக்கட்டையும் அமுக்குவாள். அமுக்கினால் மூச்சுக்கூட விடக்கூடாது. மூன்றாம் நாள் லொறி வந்தது. அக்காவும் லொறியோடு வந்த அவள் புருஷனும் ஏறினார்கள். அம்மா ஏறமாட்டேன் என்றாள், அம்மாவை விட்டுக் குமாரியும் ஏறவில்லை. அப்புறம் அம்மா செத்தாள், அவள் கையை மட்டும் குமாரி வைத்துக்கொண்டிருக்கிறாள் போல. அந்தக் கைதான் இன்றைக்கு அக்காவை வரவிடாமல் பண்ணிவிட்டது. வேறு யாரையாவது திட்டலாம் என்று பார்த்தாள். ஆள் அகப்படவில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. போக்குவரத்து வசதியை முன்னிட்டு அடுத்த மாநாடு பதுளையில் நடைபெறும். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விஜயகலா நல்ல மனுஷி. பதுளைக்கு அக்கா வரலாம், குமாரியும் போகலாம், இரண்டு நாள் பக்கத்தில் படுத்துக் கதைக்கலாம். ஆனால் அம்மா பதுளையில் இல்லை.

அக்காவுக்கு இதைக் கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வவுனியாவில் இன்ன கடையில் வந்து நில், நான் போன் எடுக்கிறேன் என்று மட்டும் எழுதினாள். அந்த ஞாயிறு நிவித்திகல தாண்டினபோது கை தானாக நெற்றிக்குப் போயிற்று. பாதி வழியில் அதை இறக்கி மடியில் வைத்து, மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். பொட்டோடுதான் இரத்தினபுரியில் இறங்கினாள்.

பஸ் ஸ்டேண்டுக்கு எதிரே ஒரு கொமியூனிகேஷன், காசு கொடுத்துப் போன் பேசுகிற கடை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெஞ்சில் ஏழெட்டுப் பேர், முன்மேசையில் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. கண்ணாடிக் கூண்டின் கதவு உடைந்து, கயிற்றால் கட்டித் திறந்தபடி கிடந்தது. எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். முன்பென்றால் குமாரி இந்தக் கடையைப் பார்த்ததும் அடுத்த கடைக்குப் போயிருப்பாள். உள்ளே போய் எண்ணைச் சுழற்றினாள்.

"குமாரியா?" என்றது அக்காவின் குரல். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"ஆமாக்கா. நான்தான். கிருஷ்ணகுமாரி." வாயைத் திறந்ததும் குரல் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் அதை வெளியே தள்ளினாள். தோட்டத்தில் மேட்டு லயத்து வீட்டிலிருந்து பள்ளத்து லயத்துக்குக் கூப்பிடுகிற குரல். "அக்கா, மாநாடு இங்க வரல. பதுளைக்குப் போயிருச்சி."

அக்கா வாயெடுக்குமுன் குமாரியே தொடர்ந்தாள்.

"ஊருல ஒரு குத்தமும் இல்லக்கா. மண்டபம் இருந்திச்சி, மடம் இருந்திச்சி, ஒனக்கு ஜன்னலோரமாப் பாய்கூடப் பாத்து வச்சிட்டேன். நான்தான் கெடுத்தேன். வந்தவளுக வாயத் தொறக்கிறப்ப எல்லாம் கையப் புடிச்சி அமுக்கிட்டேன், அம்மா அமுக்குற மாதிரி. நீ மாநாட்டப் பாக்காத. நீ வா. முந்நூறு பேரு இல்லாட்டி என்ன, பஸ் ஸ்டேண்டுல நான் நிக்கிறேன். ஒனக்கு நான் ஒருத்தி காணாதா?"

"மெதுவாப் பேசு குமாரி" என்றாள் அக்கா. பதறிப்போன குரல். "ஏன் இப்பிடிக் கத்துற? கடையில ஆளுங்க இருக்காங்களா?"

நூற்றைம்பது மைலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தமிழ்க் கடையில் தமிழர் நடுவில் நின்றுகொண்டு, அக்கா குமாரியின் மணிக்கட்டை அமுக்குகிறாள். அம்மா ஒரு கையை மட்டுமா விட்டுவிட்டுப் போனாள்.

"இருக்காங்கக்கா" என்றாள், குரலை இறக்காமல். "ஏழெட்டுப் பேரு இருக்காங்க." திரும்பிப் பார்த்தாள். ஒரு கிழவர் லொத்தர் சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒருத்தி குழந்தைக்குப் பிஸ்கட் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முன்மேசைப் பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "ஒருத்தரும் என்னத் திரும்பிப் பாக்கல."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

அக்கா என்னவோ கேட்டாள். குமாரி ரிசீவரைக் காதில் அழுத்தினாள். மூச்சுத்தான் கேட்டது.

"கேக்கலக்கா. சத்தமாக் கேளு."

மறுபடி என்னவோ முணுமுணுப்பு.

"எனக்குக் கேக்கல. சத்தமாக் கேளு அக்கா."

வைத்துவிட்டாளோ என்று நினைத்த சமயத்தில், குமாரி இருபத்தைந்து வருஷமாகக் கேட்டிராத அந்தப் பழைய தோட்டக்காட்டுத் தொண்டையில், வவுனியாக் கடை முழுக்கக் கேட்கும்படி அக்கா கேட்டாள்.

"அம்மாவ எங்கடி பொதச்சீங்க?"

குமாரிக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "வழி சொல்றேன், கேட்டுக்க" என்று அதே சத்தத்தில் தொடங்கினாள். "ரத்னபுரியில எறங்கினா நேர் எதிர்ப்பக்கம் நிவித்திகல பஸ்ஸு நிக்கும். டவுன்ல எறங்கிராத. கோயில் சந்தி தாண்டி, பாலத்தடின்னு சொல்லு, நிப்பாட்டுவான். அங்கேர்ந்து ஏத்தம். பழைய புள்ளக்காம்பராவ இடிச்சிட்டாங்க, அஸ்திவாரம் மட்டும் கெடக்கும். அதுக்குப் பின்னால ரப்பருக்குள்ள ஒரு ஒத்தடிப்பாத போகும், ஞாபகம் இருக்கா? நாம மூணு பேரும் ஒளிஞ்சிருந்தோமே, அந்தப் பாத. அதுல பத்து எட்டு வச்சா வலது கைப்பக்கம். அம்மாதான் கேட்டாங்க, அங்கதான் வைக்கணும்னு. ஒரு கல்லு நட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் அக்கா அழுவது நன்றாகக் கேட்டது. அதையும் அவள் அடக்கிக்கொண்டு செய்யவில்லை.

"பாலத்தடியா, பாலத்துக்கு அங்கிட்டா?" என்றாள் பிறகு.

பெஞ்சிலிருந்து ஒரு ஆள் எழுந்து வந்து, இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கையால் கேட்டான். கொஞ்சம் பொறு என்று கையாலேயே சொல்லிவிட்டு, குமாரி இரத்தினபுரி பஸ் ஸ்டேண்டிலிருந்து இன்னொரு தரம் தொடங்கினாள்.